ஸ்பிரிங்பேங்க்: விட்டதைத் திரும்ப எடுத்த ஆலை

ஸ்பிரிங்பேங்க் விஸ்கியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பல்லவியைத்தான் பாடுவார்கள். 1828இல் தொடங்கிய ஆலை, அதே குடும்பம், அதே இடம், அதே கைவேலை, எதுவும் மாறவில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1960இல் அந்த ஆலை பார்லியை முளைகட்டும் வேலையையே நிறுத்திவிட்டது. ஊர் உலகத்தில் எல்லோரும் செய்தது போல மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, வெளியே வாங்கிக்கொண்டார்கள். முப்பது வருடங்களுக்கு மேல் கழித்து, 1992இல்தான் முளைகட்டும் தளத்தில் மறுபடி பார்லி விழுந்தது. அதற்கும் முன்னால், 1926 முதல் 1933 வரை அடுப்பே எரியவில்லை. 1979இல் இன்னொரு முறை மூடினார்கள். 1987இல் கொஞ்சமாகத் தொடங்கி, 1989இல்தான் ஒழுங்காகக் காய்ச்ச ஆரம்பித்தார்கள்.

இந்தத் தேதிகளையெல்லாம் ஆலையின் குறையாக நான் சொல்லவில்லை. எனக்கு அங்கேதான் சுவாரசியமே தொடங்குகிறது. தாத்தா விட்டுப்போன வேலையைப் பேரன் பழக்கதோஷத்தில் செய்வது ஒன்று. ஒருமுறை கைவிட்டு, ஆட்கூலி என்ன, விறகுச் செலவு என்ன என்று கணக்கெல்லாம் பார்த்து, இது கட்டுப்படியாகாது என்று யாரும் சொல்லக்கூடிய காலத்தில் அதையே திரும்ப எடுப்பது முற்றிலும் வேறொன்று.

ஆலை இருக்கும் ஊரான கேம்பெல்டவுன் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் கின்டைர் என்ற நீண்ட தீபகற்பத்தின் அடிமுனைப் பக்கம் இருக்கிறது. வரைபடத்தில் க்ளாஸ்கோவுக்குப் பக்கம் போலத் தெரியும். பேருந்தில் ஏறினால்தான் விஷயம் புரியும். லோக் லோமண்ட் ஏரிக்கரை, மலைக்கணவாய், இன்வெரேரி, டார்பர்ட் என்று சுற்றிச் சுற்றி இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறது. கடல்வழியில் தூரம் அதைவிட நன்றாகவே குறைவு. நீராவிக் கப்பல் காலத்தில் இந்த ஊர் ஏன் செழித்தது, சாலையும் ரயிலும் ஆண்ட காலத்தில் ஏன் ஒதுங்கிப்போனது என்பதற்கு அந்தப் பயணமே பாதி விளக்கம். இன்று இறங்கிப் பார்த்தால் அமைதியான துறைமுகம், தேவைக்கு மேல் பெரிதாகக் கட்டிய கல் வீடுகள், நிறைய தேவாலயங்கள். ஒரு காலத்தில் இங்கே பணம் புரண்டிருக்கிறது என்பதைக் கட்டடங்களே சொல்லிவிடும்.

விஸ்கி இந்த ஊரில் திருட்டுத்தனமாகத்தான் ஆரம்பித்தது. ராபர்ட் ஆர்மர் என்று ஒரு செம்புக் கொல்லர் இருந்தார். வெளியில் குழாய் வேலை, உள்ளே காய்ச்சுகிறவர்களுக்குச் செம்புக் கலமும் சுருள்குழாயும் அடித்துக் கொடுப்பது. 1811 முதல் 1817 வரை அவர் எழுதிவைத்த கணக்குப் புத்தகங்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. யார் யார் வாங்கினார்கள், எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதில் உண்டு. வாங்கியவர்களில் கணிசமானோர் பெண்கள். வீட்டுக் கொல்லையில் பெண்கள் காய்ச்சிய சாராயம் பிறகு ஆண்கள் பெயரில் நிறுவனமானது என்ற கதை பல நாடுகளில் உண்டு. இங்கே அதற்குக் கணக்குப் புத்தகமே சாட்சியாக இருப்பதுதான் விசேஷம்.

1823இல் பிரிட்டிஷ் அரசு வரியைப் பாதிக்கும் கீழே குறைத்து, பத்து பவுண்டு கட்டினால் உரிமம் என்று சட்டம் போட்டது. கள்ளத்தனமாகக் காய்ச்சுவதை விட உரிமம் எடுப்பதே லாபம் என்றானதும் ஊரில் ஆலைகள் முளைத்தன. ஆர்ச்சிபால்ட் மிட்செல் என்பவர் திருட்டுத்தனமாகக் காய்ச்சிய இடத்தில்தான் ஸ்பிரிங்பேங்க் எழும்பியது என்று சொல்வார்கள். 1828இல் கட்டியவர்கள் மிட்செல்களின் சம்பந்திக் குடும்பமான ரீட்கள். அவர்களுக்குப் பண நெருக்கடி வந்தது. 1837இல் ஜான், வில்லியம் என்ற மிட்செல் சகோதரர்கள் வாங்கினார்கள். அப்புறம் அண்ணன் தம்பிக்குள் சண்டை. விஸ்கிக்காக அல்ல, ஆடுகளுக்காக என்கிறார்கள். வில்லியம் பிரிந்து போய் 1872இல் பக்கத்திலேயே க்ளென்கைல் என்று தனியாக ஓர் ஆலை கட்டினார். அதைப் பிறகு பார்ப்போம்.

1880களில் பிரிட்டன் முழுக்க ஆலை ஆலையாகப் போய்ப் பார்த்து எழுதிய ஆல்ஃப்ரெட் பர்னார்ட், இந்தச் சின்ன ஊரில் மட்டும் 21 ஆலைகளைக் கண்டார். பார்லி பக்கத்து வயல்களில் விளைந்தது. நிலக்கரி மக்ரிஹானிஷ் பக்கத்துச் சுரங்கத்திலிருந்து வந்தது. தண்ணீருக்குக் கிராஸ்ஹில் ஏரி. சரக்கை ஏற்றிப்போகக் கப்பல். க்ளாஸ்கோவின் கலப்பு விஸ்கி வியாபாரிகள் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கினார்கள்.

அந்த 'எவ்வளவு கொடுத்தாலும்'தான் ஊரைக் கவிழ்த்தது. கேட்கிறார்களே என்று வேகவேகமாகக் காய்ச்சினார்கள், தரம் விழுந்தது. கலப்பு வியாபாரிகளும் கனமான, எண்ணெய்ப்பசை கொண்ட கேம்பெல்டவுன் சரக்கை விட்டு, ரயில் போய்ச் சேர்ந்துவிட்ட வடகிழக்கு ஸ்காட்லாந்தின் ஸ்பேசைட் பகுதியின் மென்மையான விஸ்கிக்குத் தாவினார்கள். முதல் உலகப் போருக்குப் பின் வரி மேல் வரி. 1920இல் அமெரிக்காவில் மதுவிலக்கு. அந்தப் பத்தாண்டிலேயே சுரங்கமும் மூடியது. மீன் அடைத்த பீப்பாயில் விஸ்கியை ஊற்றிக் கெடுத்தார்கள் என்றும் ஒரு கதை சுற்றுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு வியாபாரம் விழுந்தால் அதன் மேல் நாற்றத்தையும் ஏற்றிச் சொல்வது போட்டியாளர்களின் வழக்கம். 1934இல் ரீக்லாக்கனும் மூடிய பிறகு ஊரில் மிஞ்சியவை இரண்டே: ஸ்பிரிங்பேங்க், க்ளென் ஸ்கோஷியா.

மூடிப்போனவற்றில் ஒன்றான ஹேசல்பர்னைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானிலிருந்து வந்த டகெட்சுரு மசடாகா என்ற இளைஞர் 1920இல் அங்கே பயிற்சி பெற்று, பார்த்ததையெல்லாம் குறிப்பேட்டில் படத்தோடு எழுதிக்கொண்டு போனார். ஸ்காட்லாந்துப் பெண் ரீட்டாவையும் மணந்து அழைத்துக்கொண்டு போனார். ஜப்பானிய விஸ்கியின் அடித்தளம் அந்தக் குறிப்பேடு. பிறகு நிக்கா நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவர்தான். கற்றுக்கொடுத்த ஆலை 1925இல் மூடிவிட்டது.

இப்போது ஸ்பிரிங்பேங்க் ஆலைக்குள் போவோம். முளைகட்டும் தளத்தில்தான் நான் ரொம்ப நேரம் நின்றேன். பார்லியை இரண்டு மூன்று நாள் நீரில் ஊறவைத்து, வடித்து, நீண்ட கல் தளத்தில் பரப்பிவிடுகிறார்கள். முளை விடும்போது தானியத்துக்குள் சூடு ஏறும். விட்டால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாயாகிவிடும். அதனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும் சேர்த்து, மரச் சட்டுவத்தால் அள்ளி வீசிப் புரட்ட வேண்டும். களத்தில் காயும் நெல்லைக் கிண்டிவிடுவது போலத்தான் தெரியும், ஆனால் இங்கே காயவைப்பது அல்ல, ஈரமும் சூடும்தான் கணக்கு. காலம்காலமாக இதைச் செய்தவர்களுக்கு ஒரு பக்கத் தோள் இறங்கிப்போகும். 'மங்கி ஷோல்டர்' என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். ஐந்தாறு நாளில் தானியத்துக்குள் மாவுச்சத்து இளகிவிடும். இன்னும் விட்டால் செடியாகிச் சர்க்கரையைத் தானே தின்றுவிடும். அதற்கு முன்னால் சூளையில் ஏற்றி நிறுத்திவிட வேண்டும்.

ஸ்காட்லாந்தில் இந்தத் தளவேலையை இன்னும் வைத்திருக்கும் பழைய ஆலைகள் சில உண்டு. லஃப்ரோய்க், பவ்மோர், பால்வெனி எல்லாம் அந்த வகை. ஆனால் அவர்கள் தங்கள் தேவையில் ஒரு பகுதியைத்தான் இப்படிச் செய்கிறார்கள், மீதியைப் பெரிய மால்ட் ஆலைகளிடம் வாங்குகிறார்கள். ஸ்பிரிங்பேங்க் முழுவதையும் இந்தத் தளத்திலேயே எடுக்கிறது. சுற்றுலா வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு மூலையில் கொஞ்சம் பார்லி பரப்பிவைப்பது வேறு விஷயம்.

சூளையில்தான் இந்த ஆலையின் மூன்று விஸ்கிகளும் பிரிகின்றன. ஸ்பிரிங்பேங்க்குக்கான மால்ட்டுக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம் பீட் புகை, அதன் பின் முப்பது மணி நேரம் வெறும் சூடான காற்று. லாங்ரோவுக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் வரை புகை. ஹேசல்பர்னுக்குப் புகையே கிடையாது. பீட் என்பது சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான வருடங்களாக மக்கி இறுகிய தாவரம். மண்ணாகவும் இல்லாமல் நிலக்கரியாகவும் ஆகாமல் நடுவில் நிற்கும். அதன் புகையிலுள்ள ஃபீனால் என்ற வேதிப்பொருள்கள் உமியில் ஒட்டிக்கொண்டு கடைசிவரை கூடவே வருகின்றன. லாங்ரோவை 1973இல் முதலில் காய்ச்சினார்கள். ஐலே தீவின் புகை விஸ்கியைத் தீவுக்கு வெளியேயும் எடுக்க முடியுமா என்ற பரிசோதனை அது. ஹேசல்பர்ன் 1997இல் வந்தது. இரண்டும் ஊரில் மூடிப்போன ஆலைகளின் பெயர்கள்.

காய்ந்த மால்ட்டைக் கரகரப்பாக அரைத்து, மூடியில்லாத வார்ப்பிரும்புத் தொட்டியில் சூடான நீர் விட்டுக் கிளறுகிறார்கள். ஒரு தடவைக்குச் சுமார் மூன்றரை டன். அந்த இனிப்புத் தண்ணீர் லார்ச் மரத்தொட்டிகளுக்குப் போய் ஈஸ்ட்டோடு ஊறுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, ஊறலின் பலம். மற்ற ஆலைகளில் ஊறல் எட்டு சதவீத ஆல்கஹால் வரை ஏறும். இவர்கள் வேண்டுமென்றே நீர்க்கவிட்டு ஐந்து சதவீதத்திலேயே நிறுத்துகிறார்கள். நேரமும் ரொம்ப அதிகம். ஐம்பது அறுபது மணி நேரத்தில் முடித்துக்கொள்ளும் ஆலைகள் உண்டு. இங்கே நூறு மணி நேரத்துக்கு மேலும் விடுகிறார்கள். ஈஸ்ட் ஓய்ந்த பிறகு மரத்தில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கி, புளிப்பும் பழ வாசனையும் ஏற்றும். ஒரு கணக்காளர் இதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். அதே தொட்டி, நேரமோ அதிகம், ஆல்கஹால் மட்டும் குறைவு. விஸ்கியின் குணத்தில் பாதி செம்புக் கலத்துக்குப் போகும் முன்பே இந்தத் தொட்டியில் முடிவாகிவிடுகிறது என்பது என் கட்சி. விளம்பரங்கள் மரப்பீப்பாயைப் பற்றி மட்டும் ஏன் அவ்வளவு பேசுகின்றன என்றால், ஊறலைப் படம் பிடித்தால் அழகாக இருக்காது.

செம்புக் கலங்கள் மூன்று. முதல் பெரிய கலத்தின் அடியில் நேரடி நெருப்பு, உள்ளே நீராவிச் சுருளும் உண்டு. நெருப்பில் அடிப்பிடிக்காமல் இருக்க ஒரு செம்புச் சங்கிலி உள்ளே சுழன்று தரையைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். இரண்டாவது கலத்திலிருந்து வரும் ஆவி, குளிர்ந்த நீர்த்தொட்டிக்குள் சுருண்டு கிடக்கும் நீண்ட செம்புக் குழாயில் இறங்கிக் குளிர்கிறது. பெரும்பாலான ஆலைகள் இந்தச் சுருளைத் தூக்கிப்போட்டுவிட்டு நவீனக் குளிர்விப்பானுக்கு மாறிவிட்டன. சுருளில் ஆவி செம்பை அவ்வளவாகத் தொடுவதில்லை, அதனால் சரக்கு கொஞ்சம் கனமாக, கொஞ்சம் முரட்டுத்தனமாக வரும்.

இங்கேதான் புகழ்பெற்ற 'இரண்டரை முறை' வருகிறது. வழக்கமாக ஸ்காட்ச் மால்ட் விஸ்கியை இரண்டு முறை காய்ச்சுவார்கள். லாங்ரோவுக்கு இரண்டு, ஹேசல்பர்னுக்கு மூன்று. அதில் குழப்பமில்லை. ஸ்பிரிங்பேங்க்குக்கு, முதல் கலத்தில் வடிந்ததில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதியை இரண்டாவது கலத்தில் இன்னொரு முறை காய்ச்சுகிறார்கள். பிறகு, ஒருமுறை மட்டும் காய்ந்தது இருபது சதவீதம், இரண்டு முறை காய்ந்தது எண்பது சதவீதம் என்று கலந்து மூன்றாவது கலத்தில் விடுகிறார்கள். ஆக முடிவில் ஐந்தில் ஒரு பங்கு இரண்டு முறையும், ஐந்தில் நான்கு பங்கு மூன்று முறையும் காய்ந்திருக்கிறது. கணக்குப் போட்டால் 2.8 வருகிறது, இரண்டரை அல்ல. இதை யாரிடம் சொன்னாலும் சிரித்துவிட்டு மறுபடி இரண்டரை என்றுதான் சொல்கிறார்கள். சரி, இருக்கட்டும். முக்கியமானது பலன்: மூன்று முறை காய்ச்சியதன் தெளிவும், இரண்டு முறை காய்ச்சியதன் கனமும் ஒரே சரக்கில்.

மூன்றாவது கலத்திலிருந்து வருவதில் முதல் வடியையும் கடை வடியையும் ஒதுக்கி, நடு வடியை மட்டும் எடுத்து, 63.5 சதவீதத்துக்கு நீர் சேர்த்துப் பீப்பாயில் ஏற்றுகிறார்கள். அமெரிக்க விஸ்கியான போர்பனோ ஸ்பானிய ஒயினான ஷெர்ரியோ முன்பு கிடந்த பீப்பாய்கள் பெரும்பான்மை. சட்டப்படி மூன்று வருடம் ஓக் மரத்தில் கிடந்தால் அது ஸ்காட்ச். ஸ்பிரிங்பேங்க்கின் அடிப்படைப் புட்டிக்கே பத்து வருடம். நிறமூட்டக் கேரமல் சேர்ப்பதில்லை, குளிரவைத்து வடிகட்டுவதும் இல்லை. புட்டியில் அடைப்பதும் அதே ஊரில்.

இதையெல்லாம் சேர்த்தால் ஆலையின் முழுத்திறன் ஆண்டுக்கு ஏழரை லட்சம் லிட்டர் சுத்த ஆல்கஹால். உண்மையில் காய்ச்சுவது அதைவிடவும் குறைவு. க்ளென்ஃபிட்டிக்கின் திறன் இரண்டு கோடி லிட்டரைத் தாண்டும். பெரிய ஆலைகளில் ஒரு ஷிஃப்டுக்கு ஓரிருவர் கணினித் திரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் நடத்திவிடுகிறார்கள். இங்கே மண்வெட்டி பிடிக்கவும், வால்வு திருகவும், லேபிள் ஒட்டவும் ஆள் வேண்டும். அந்த ஆட்கள் எல்லாம் ஊர்க்காரர்கள். மீன்பிடியும் சுரங்கமும் கப்பல் கட்டுவதும் போன ஓர் ஊரில் இதன் அர்த்தம் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. முளைகட்டும் தளத்தைத் திரும்பத் திறந்ததை ருசிக்கான முடிவு என்று மட்டும் பார்ப்பது பாதிப் பார்வை. அது ஊருக்கான முடிவும் கூட.

அந்த முடிவுகளின் பின்னால் இருந்தவர் ஹெட்லி ரைட். மிட்செல் வம்சத்தில் வந்தவர், 2023இல் காலமானார். பேட்டி, விளம்பரம் எதற்கும் முகம் கொடுக்காதவர். அவர் செய்ததில் எனக்கு மிகப் பிடித்தது க்ளென்கைல் விவகாரம். மிஞ்சியது இரண்டு ஆலைதானே, கேம்பெல்டவுனைத் தனி விஸ்கிப் பிரதேசமாக இனி ஏன் கணக்கில் வைக்க வேண்டும் என்ற பேச்சு கிளம்பியது. தாழ்நிலப் பகுதிக்கு அப்போது மூன்று ஆலைகள் இருந்தன, அதற்குப் பிரதேச அந்தஸ்தும் இருந்தது. அப்படியென்றால் நமக்கும் மூன்று வேண்டும், அவ்வளவுதானே என்று, 1925இல் மூடிக் கிடந்த தன் பெரிய தாத்தா காலத்துப் பங்காளி ஆலையை 2000இல் வாங்கினார். பழைய பென் வைவிஸ் ஆலையின் கலங்களைக் கொண்டுவந்து பொருத்தி 2004இல் காய்ச்ச ஆரம்பித்துவிட்டார்கள். ஆடுகளுக்காகப் பிரிந்த சொத்து இப்படித் திரும்பி வந்தது. 2009இன் ஸ்காட்ச் விஸ்கி விதிமுறைகளில் கேம்பெல்டவுன் பெயர் பத்திரமாக இருக்கிறது. க்ளென்கைல் என்ற பெயரை வேறொரு நிறுவனம் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்ததால் இந்த விஸ்கிக்குக் கில்கெரன் என்று பெயர்.

ஒரு புலம்பலும் உண்டு. இவ்வளவு கஷ்டப்பட்டு எடுக்கும் சரக்கில் கணிசமான பகுதி இன்று யாருடைய தொண்டையிலும் இறங்குவதில்லை. ஆலை வைக்கும் விலை நியாயமானதுதான். ஆனால் கடைக்கு வந்த அன்றே காணாமல் போய், அடுத்த வாரம் இணைய ஏலத்தில் இரண்டு மடங்கு, மூன்று மடங்குக்குத் தலைகாட்டுகிறது. வாங்குகிறவர் அலமாரியில் வைத்து விலை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பத்து வருட ஸ்பிரிங்பேங்க் ஒன்றும் புதையல் அல்ல. கொஞ்சம் உப்பு, கொஞ்சம் புகை, என்ஜின் எண்ணெய் போல ஒரு வாடை, பின்னாலேயே கனிந்த பழம். முதல் வாயில் பலருக்குப் பிடிக்காது. பிடிக்காதவர்களிடம் சண்டை போட நான் தயாரில்லை.

கிடைக்கவில்லையே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஏலத்தில் காசைக் கொட்டாதீர்கள், பன்னிரண்டு வருடக் கில்கெரன் தேடுங்கள். மால்ட் ஸ்பிரிங்பேங்க்கின் அதே தளத்திலிருந்துதான் போகிறது, காய்ச்சுவதும் அதே ஆட்கள்தான், இரண்டு முறைதான் காய்ச்சுகிறார்கள், விலையும் கொஞ்சம் கருணையோடு இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் ஹேசல்பர்ன். புகை ஆகாதவர்கள் நேராக அங்கேயே போகலாம்.